வீடு காலி, ஆனால் உங்களுக்கு இல்லை: சட்டம் எந்தக் கதவைத் திறக்கும்?

சுங்கைப்பட்டாணியில் ஒரு தாமான். 'வீடு வாடகைக்கு' என்ற அட்டை இரும்புக் கதவில் தொங்குகிறது. அதிலுள்ள எண்ணை ஓர் இளைஞர் அழைக்கிறார். கூலிம் தொழிற்பேட்டையில் நிரந்தர வேலை, மாதச் சம்பளம், கையில் முன்பணம். வாடகை எவ்வளவு, எப்போது குடிவரலாம் என்று பேச்சு நன்றாகத்தான் போகிறது. பிறகு, "உங்கள் பெயர் என்ன?" என்ற கேள்வி வருகிறது. பெயரைச் சொன்னதும் மறுமுனையில் மௌனம். "வீட்டை வேறொருவர் எடுத்துக்கொண்டார்" என்ற பதிலோடு தொடர்பு துண்டிக்கப்படுகிறது. அடுத்த வாரமும் அதே அட்டை அதே கதவில் தொங்குகிறது.

இப்படி ஓர் அனுபவம் இல்லாத இந்தியக் குடும்பங்கள் கெடாவில் குறைவு. சிலர் இன்னும் வெளிப்படையாகவே "இந்தியர் வேண்டாம்", "சீனர்களுக்கு மட்டும்" என்று விளம்பரத்தில் எழுதிவிடுகிறார்கள். பாதிக்கப்பட்டவர் கேட்கும் முதல் கேள்வி, "இதற்குச் சட்டம் இல்லையா?" என்பதுதான்.

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. தனியார் வீட்டை வாடகைக்குத் தேடி வாசலில் நிற்பவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு மிகக் குறைவு. வாடகைக்கு நுழைந்துவிட்டவருக்கு ஓரளவு உண்டு. அரசாங்க வீட்டுக்கு மனுச் செய்பவருக்கும், மேம்பாட்டு நிறுவனத்திடம் புதிய வீடு வாங்குபவருக்கும் அதைவிட அதிகம் உண்டு. எந்தக் கதவுக்கு எந்தச் சாவி என்று தெரியாததால்தான் பலர் இருக்கும் உரிமையையும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

லயத்திலிருந்து தாமானுக்கு

கெடா மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர். கோல மூடா, கூலிம் மாவட்டங்களில்தான் அதிகம் வாழ்கிறார்கள். பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கோல கெட்டில் என்று எந்த ஊரைச் சொன்னாலும் அதன் பின்னால் ஒரு ரப்பர் தோட்டத்தின் பெயர் நிற்கும். அந்தத் தோட்டங்களில் வீடு என்பது வேலையோடு சேர்ந்து வந்தது. வேலை இருக்கும்வரை லயத்தில் ஓர் இடம் இருந்தது. வேலை போனால் வீடும் போனது. மூன்று தலைமுறை ஒரே லயத்தில் வாழ்ந்தும் சொந்தமாக ஒரு சுவர்கூட இல்லாமல் வெளியேறியவர்கள் ஏராளம்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தனர். பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தாமான்களாயின. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்ட பிறகு தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைகளை நோக்கி நகர்ந்தனர். பட்டணத்துக்கு வந்தவுடன் வீடு வாங்க யாராலும் முடியாது. முதல் சில ஆண்டுகள் வாடகை வீடுதான். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வேலைக்குப் போய்வரும் தூரம், வீடு வாங்கச் சேர்க்கும் பணம் எல்லாம் அந்த வாடகை வீட்டைப் பொறுத்தே அமைகின்றன. அந்த வாசலிலேயே கதவு சாத்தப்பட்டால், ஒரு குடும்பத்தின் முன்னேற்றம் பல ஆண்டுகள் தள்ளிப்போகிறது.

அரசியலமைப்பின் 8ஆவது விதி

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது விதி, சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்கிறது. அதன் இரண்டாம் பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்துக் குடிமக்களிடையே பாகுபாடு காட்டக் கூடாது என்று கூறுகிறது. 2001இல் பால் வேறுபாடும் இந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சொத்து வாங்குவது, வைத்திருப்பது, விற்பது தொடர்பான சட்டங்களை அமல்படுத்துவதிலும் பாகுபாடு கூடாது என்று அந்தப் பிரிவு குறிப்பாகவே சொல்கிறது. அரசியலமைப்பே வெளிப்படையாக அனுமதிக்கும் விதிவிலக்குகள் மட்டும் இதற்கு வெளியே நிற்கின்றன.

இதைப் படிப்பவர், "அப்படியானால் வீட்டுக்காரர் மேல் வழக்குப் போடலாமே" என்று நினைப்பது இயல்பு. ஆனால் இந்த விதி கட்டுப்படுத்துவது அரசாங்கத்தையும் அரசு அமைப்புகளையும்தான், தனி மனிதரை அல்ல. இதை விளக்க இரண்டு வழக்குகள் உதவும். இரண்டும் வீடு பற்றியவை அல்ல. ஆனால் கோடு எங்கே கிழிக்கப்பட்டிருக்கிறது என்பதை அவை காட்டுகின்றன.

விமானப் பணிப்பெண் பியாட்ரிஸ் பெர்னாண்டெஸ் கர்ப்பமானதால் வேலை இழந்தார். வேலை ஒப்பந்தம் அப்படித்தான் இருந்தது. அவர் மலேசிய விமான நிறுவனத்துக்கு எதிராக 8ஆவது விதியைச் சுட்டிக்காட்டி வழக்காடினார். 2005இல் கூட்டரசு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கவில்லை. அரசியலமைப்பு உரிமைகள் அரசு அதிகாரத்துக்கு எதிராகத்தான் செல்லுபடியாகும், தனியாருக்கிடையிலான ஒப்பந்தங்களுக்குப் பொருந்தா என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2011இல், கர்ப்பமாக இருந்ததால் தற்காலிக ஆசிரியர் வேலை மறுக்கப்பட்ட நூர்ஃபாடில்லா அகமது சைக்கின் என்பவர் ஷா ஆலம் உயர் நீதிமன்றத்தில் வென்றார். அவருக்கு வேலையை மறுத்தது அரசாங்கக் கல்வி இலாகா. காரணம் ஏறக்குறைய ஒன்றுதான். மறுத்தவர் யார் என்பதுதான் தீர்ப்பை மாற்றியது.

வீட்டு விஷயத்திலும் இதே கோடுதான். மறுப்பவர் தனியார் வீட்டுக்காரராக இருந்தால் 8ஆவது விதி கைகொடுக்காது. மறுப்பவர் அரசு இலாகாவாகவோ நகராண்மைக் கழகமாகவோ இருந்தால் நிலைமை வேறு.

அரசாங்க வீட்டுக்கு மனுச் செய்வோர்

மக்கள் வீடமைப்புத் திட்டம் என்னும் பிபிஆர் வீடுகளின் மாத வாடகை 124 ரிங்கிட் என நிர்ணயிக்கப்பட்டது. மலிவு விலை வீடுகளும் மாநில அரசின் பதிவுப் பட்டியல் வழியாகவே வழங்கப்படுகின்றன. இங்கே முடிவெடுப்பது அரசு அமைப்பு. ஆகவே தகுதி இருந்தும் வீடு மறுக்கப்பட்டால் காரணம் கேட்பதற்கு வலுவான அடிப்படை இருக்கிறது.

மனுவின் நகலையும், மனு பெறப்பட்டதற்கான சான்றையும் வைத்துக்கொள்ள வேண்டும். மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்து மூலம் கேட்க வேண்டும். முகப்பில் நின்று வாய்வழியாகக் கேட்ட பதிலை எந்த நீதிமன்றத்திலும் காட்ட முடியாது. அரசு முடிவை எதிர்த்து நீதிமன்ற மறுஆய்வு கோர மூன்று மாத அவகாசமே உண்டு. "பிறகு பார்க்கலாம்" என்று இருந்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

தனியார் வீடு: சட்டத்தின் மௌனம்

தனியார் வீட்டுக்காரர் இனத்தைக் காரணம் காட்டி வாடகைக்கு விட மறுப்பதைத் தடுக்கும் தனிச் சட்டம் மலேசியாவில் இல்லை. 2019 முதல் வீடமைப்பு அமைச்சு குடியிருப்பு வாடகைச் சட்டம் ஒன்றைப் பற்றிப் பேசி வருகிறது. வைப்புத் தொகை, வெளியேற்றம், இனப் பாகுபாடு எல்லாம் அந்த விவாதத்தில் இடம்பெற்றன. ஆனால் அது இன்னும் நாடாளுமன்றத்தில் சட்டமாக நிறைவேறவில்லை. இனப் பாகுபாட்டை ஒழிக்கும் அனைத்துலக ஒப்பந்தமான ஐசெர்டில் கையெழுத்திடப் போவதில்லை என்று 2018 நவம்பரில் அரசாங்கம் அறிவித்ததும் நினைவிருக்கலாம்.

அதற்காக வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சுஹாகாம் மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் எழுதலாம். சுஹாகாமால் தண்டிக்க முடியாது, பரிந்துரை மட்டுமே செய்ய முடியும். ஆனால் புகார் எண்ணிக்கை சேரச் சேரத்தான் சட்டம் வேண்டும் என்ற குரலுக்கு ஆதாரம் கிடைக்கும். வீட்டு முகவர் மூலம் மறுக்கப்பட்டால் அவர் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும். முகவர்களையும் அவர்களின் கீழ்ப் பணிபுரிவோரையும் கண்காணிக்க 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒரு வாரியம் இருக்கிறது. அவர்களின் நடத்தை குறித்து அங்கே புகார் செய்யலாம்.

வீட்டுக்காரர்கள் சொல்லும் காரணங்களையும் கேட்க வேண்டும். "முன்பு ஒருவர் வாடகை கொடுக்காமல் ஓடிவிட்டார்", "வீட்டைப் பாழாக்கிவிட்டார்" என்கிறார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் அதற்குச் சட்டத்திலேயே மருந்து இருக்கிறது. வைப்புத் தொகை இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இருக்கிறது. வாடகை பாக்கிக்காக நீதிமன்ற ஆணை பெற்றுக் குடியிருப்பவரின் பொருள்களைக் கைப்பற்ற 1951ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. வாடகை ஒழுங்காக வருமா என்பதைச் சம்பளச் சீட்டு சொல்லும், பழைய வீட்டுக்காரர் சொல்வார். பெயர் சொல்லாது. சம்பளச் சீட்டையும் பழைய வீட்டுக்காரரின் கடிதத்தையும் கையோடு கொண்டுபோனால், தயங்கும் வீட்டுக்காரர்களில் சிலரையாவது இணங்கவைக்கலாம்.

குடிபுகுந்த பிறகு

வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் சட்டம் பேசத் தொடங்குகிறது. முதலில் ஒப்பந்தம். வாய்மொழி வாடகையும் செல்லும் என்றாலும், தகராறு வந்தால் நிரூபிப்பது கடினம். ஒப்பந்தத்தை எழுதி, முத்திரை வரி கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். முத்திரை வரி கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்காது.

இரண்டாவது, வெளியேற்றம். வாடகைக் காலம் முடிந்த பிறகும் ஒருவர் வீட்டில் இருந்தால், வீட்டுக்காரர் நீதிமன்றம் சென்றுதான் அவரை வெளியேற்ற முடியும். 1950ஆம் ஆண்டு குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 7ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. பூட்டை மாற்றுவதும், சாமான்களை வெளியே வீசுவதும், ஆள் வைத்து மிரட்டுவதும் சட்டம் அனுமதிக்கும் வழிகள் அல்ல. அப்படி நடந்தால் படம் எடுத்துவைத்து, உடனே போலீசில் புகார் செய்ய வேண்டும். இது வாடகை கட்டாமல் இருப்பதற்கான உரிமையல்ல என்பதையும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, வைப்புத் தொகை. இரண்டு மாத வாடகையும், தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாத வாடகையும் வாங்குவது வழக்கம். வீட்டைக் காலி செய்த பிறகு அதைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பது சாதாரணமாக நடக்கிறது. 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத தொகையை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமலேயே கேட்கலாம். சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் அலோர்ஸ்டாரிலும் மாஜிஸ்திரேட் நீதிமன்றங்கள் உண்டு. குடிபுகும் நாளிலேயே சுவர், கதவு, குழாய் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்தவருக்கு இந்த வழக்கு எளிது.

வீடு வாங்குவோர்

இனம் பார்த்து விற்க மறுப்பதைத் தடுக்கும் தனிச் சட்டம் இங்கும் இல்லை. ஆனால் உரிமம் பெற்ற மேம்பாட்டு நிறுவனத்திடம் வீடு வாங்கிவிட்டால், 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் எல்லா இனத்தவருக்கும் ஒரே பாதுகாப்பைத் தருகிறது. விற்பனை ஒப்பந்தத்தின் வாசகத்தையே சட்டம் வகுத்துள்ளது. நிறுவனம் தன் விருப்பத்துக்கு அதை மாற்ற முடியாது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் பதிவுப் பணம் எந்தப் பெயரிலும் வாங்கக் கூடாது. குறித்த காலத்தில் வீடு கிடைக்காவிட்டால் தாமதமாகும் நாள்களுக்கு, வீட்டு விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு என்ற கணக்கில் இழப்பீடு உண்டு. சாவி வாங்கியதிலிருந்து 24 மாதங்களுக்குள் தென்படும் குறைகளை நிறுவனமே சரிசெய்ய வேண்டும்.

இவற்றை மீறினால் வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் இருக்கிறது. 2002 டிசம்பரில் தொடங்கிய இந்த மன்றத்தில் 10 ரிங்கிட் கட்டணம் கட்டி, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். இதற்குக் கால வரம்பு உண்டு என்பதால் தாமதிக்கக் கூடாது. பழைய வீட்டைத் தனியாரிடமிருந்து வாங்குபவருக்கு இந்த மன்றம் பொருந்தாது.

கெடாவில் வாங்குவோர் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று பூமிபுத்ரா ஒதுக்கீடு. புதிய வீடமைப்புத் திட்டங்களில் ஒரு பகுதியைப் பூமிபுத்ராக்களுக்கு ஒதுக்கி, விலைக் கழிவும் தர வேண்டும் என்று மாநில அரசுகள் நிபந்தனை விதிக்கின்றன. விற்காமல் கிடக்கும் ஒதுக்கீட்டு வீடுகளை மற்றவர்களுக்கு விற்க, நிபந்தனைகளை நிறைவேற்றியபின் மேம்பாட்டு நிறுவனம் மாநில அரசிடம் விண்ணப்பிக்கலாம். ஆகவே "வீடு முடிந்துவிட்டது" என்ற பதிலைக் கேட்டால், ஒதுக்கீட்டில் மீதமிருக்கிறதா, அதை விடுவிக்க விண்ணப்பித்துள்ளார்களா என்று கேட்பதில் தவறில்லை.

மற்றொன்று மலாய் ரிசர்வ் நிலம். அரசியலமைப்பின் 89ஆவது விதி பாதுகாக்கும் இந்த நிலம் கெடாவில் நிறையவே உண்டு. இதை மலாய்க்காரர் அல்லாதவருக்கு விற்றால் அந்த விற்பனை செல்லாது. "விலை மலிவு, ஒரு கடிதம் எழுதிக்கொள்வோம், பிறகு பெயர் மாற்றலாம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்தபின் கையில் மிஞ்சுவது வெறும் காகிதம்தான். முன்பணம் கட்டும் முன் நில அலுவலகத்தில் அதிகாரப்பூர்வத் தேடல் செய்தால், கிரான் எனப்படும் நிலப்பட்டாவில் என்ன கட்டுப்பாடு எழுதியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அதற்கான கட்டணம் சிறியது.

இன்னும் தோட்டத்தில் இருப்போர்

தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரத்தை 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் வகுக்கிறது. தண்ணீர், மின்சாரம், பழுதுபார்ப்பு எல்லாம் முதலாளியின் பொறுப்பு. 2019இல் திருத்தப்பட்டு 2020 ஜூன் முதல் இது தோட்டத்துக்கு வெளியேயும், தங்குமிடம் தரும் எல்லாத் துறை முதலாளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. லயத்துக் கூரை ஒழுகினால் புகார் செய்ய வேண்டிய இடம் தொழிலாளர் இலாகா. 2023 ஜனவரி முதல், வேலையில் பாகுபாடு குறித்த தகராறுகளை விசாரித்து முடிவுசெய்யும் அதிகாரமும் தொழிலாளர் இலாகாத் தலைமை இயக்குநருக்கு வழங்கப்பட்டுள்ளது.

வேலை ஓய்வு பெற்றும் லயத்தில் தங்கியிருப்போரின் நிலைமை சிக்கலானது. நீதிமன்றங்கள் அவர்களைப் பெரும்பாலும் வாடகையாளராக அல்லாமல், வேலைக்காலத்தில் தங்க அனுமதி பெற்றவராகவே பார்க்கின்றன. அதனால் வெளியேற்ற நோட்டீஸ் வந்தால் அதை அலமாரியில் வைக்காமல் சட்ட உதவி இலாகாவுக்கோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கோ உடனே கொண்டுபோக வேண்டும். புரியாத பத்திரம் எதிலும் கையெழுத்திடக் கூடாது.

மற்ற நாடுகள் கற்ற பாடம்

பிரிட்டனில் 1965இல் இன உறவுச் சட்டம் வந்தது. ஆனால் அது வீட்டு வாடகையைப் பெரும்பாலும் தொடவில்லை. 'கறுப்பர்களுக்கு இல்லை' என்ற அட்டைகள் ஜன்னலில் தொங்கத்தான் செய்தன. மூன்றே ஆண்டுகளில், 1968இல், வீட்டையும் வேலையையும் சேர்த்துப் புதிய சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. அமெரிக்காவிலும் அதே 1968தான். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், ஏப்ரல் 11ஆம் தேதி, நியாயமான வீட்டு வசதிச் சட்டம் கையெழுத்தானது. வாடகை, விற்பனை, கடன், விளம்பரம் எல்லாவற்றிலும் இனப் பாகுபாட்டை அது தடுத்தது.

அங்கும் வீட்டுக்காரர்கள் "வீடு போய்விட்டது" என்றுதான் சொன்னார்கள். அதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி பிறந்தது. ஒரே தகுதியுள்ள இருவர், ஒருவர் கறுப்பர், ஒருவர் வெள்ளையர், அடுத்தடுத்துப் போய் ஒரே வீட்டைக் கேட்பார்கள். பதில் வேறுபட்டால் அதுவே சாட்சி. 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இப்படிச் சோதிக்கப் போய்ப் பொய்த் தகவல் பெற்ற கறுப்பருக்கும் வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு என்று ஏற்றுக்கொண்டது. சட்டம் எழுதினால் மட்டும் போதாது, பொய்யைப் பிடிக்கும் வழியும் வேண்டும் என்பதே இதிலுள்ள பாடம். மலேசியாவில் வாடகைச் சட்டம் வரும் நாளில், இனப் பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவோடு விசாரிக்கும் அமைப்பும் தண்டனையும் அதில் இருக்க வேண்டும் என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

நம் வாசலில் தொங்கும் அட்டை

ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். இன்று கெடாவில் சொந்த வீடும், வாடகைக்கு விட இன்னொரு வீடும் வைத்திருக்கும் இந்தியர்கள் இருக்கிறார்கள். அவர்களிலும் சிலர் நேப்பாளத் தொழிலாளியையும் வங்காளதேசத் தொழிலாளியையும் பார்த்ததும் முகம் சுளிக்கிறார்கள். பெயர் கேட்டபின் ஊர் கேட்டு, ஊர் கேட்டபின் சாதியை மோப்பம் பிடிப்பவர்களும் உண்டு. மற்றவர் நமக்குச் செய்வது அநீதி என்றால், இதுவும் அநீதிதான். நாளை ஒரு சட்டம் வந்தால் அது எல்லா வாசலுக்கும் பொருந்தும்.

ஆனால் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்கள் பல உள்ளன. ஒப்பந்தத்தை எழுதி வாங்குவது, ரசீதைப் பத்திரப்படுத்துவது, நிலப்பட்டாவைத் தேடிப் பார்ப்பது, மறுப்புக்குக் காரணத்தை எழுத்தில் கேட்பது, கெடு முடியுமுன் புகார் செய்வது எல்லாம் இன்றே செய்யக் கூடியவை. லயத்தில் பிறந்த தாத்தாவுக்கு இவற்றைச் சொல்லித்தர யாரும் இல்லை. பேரப்பிள்ளை அந்த இரும்புக் கதவின்முன் நிற்கும்போது, கையில் சம்பளச் சீட்டோடு இந்த விவரங்களும் இருக்கட்டும்.